வீணையின் விளிம்பைப் பாருங்கள்

இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் எங்கள் மாவட்டம். பழனிசெட்டிபட்டியில் கிட்டார் மேல் ஆசைப்படும் பிள்ளைகளுக்குப் பஞ்சமே இல்லை. வீணை என்றால் மட்டும் ‘ராகம் தெரியாதே’ என்று ஒதுங்குகிறார்கள். எரிச்சலாக வருகிறது. ராகம் தெரிய வேண்டாம். கண் இருந்தால் போதும், விளிம்பு வழியாக உள்ளே நுழையலாம்.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் ஆனது. ஒலிப்பெட்டியான குடம், கழுத்தான தண்டி, நுனியில் யாளி முகம்; 24 மெட்டு, 7 தந்தி. ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை, துண்டுகளை இணைத்தால் ஒட்டு வீணை. 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. போதும்.

குடத்தை மூடும் பலகையின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பட்டை ஓடும். கிட்டாரிலும் ஓரப்பட்டை உண்டு. மரத்தின் வெட்டுவாயை மூடி, இடிபடும் விளிம்பைக் காப்பது அதன் வேலை. வீணை செய்கிறவர் அத்தோடு விடுவதில்லை. பட்டையில் கொடியும் பூவும் கீறி, கீறலில் நிறம் நிரப்பி, மிஞ்சியதைச் சுரண்டி எடுக்கிறார்.

இங்கேதான் நீங்கள் நிற்க வேண்டும். வெட்டிய கோடு வேறு, வரைந்த கோடு வேறு. கூர்முனை உளி மெல்ல இறங்கும், ஆழமாகப் போகும், மெல்ல எழும். ஆழம் கூடினால் அகலமும் கூடும். அதனால் கையால் வெட்டிய கோடு நுனியில் மயிரிழை, நடுவில் தடிப்பு. கலப்பை இறங்கிய இடமும் எழுந்த இடமும் உழவுச் சாலில் தெரிகிறதே, அதே மாதிரி. தூரிகைக் கோட்டிலும் தடிப்பு வரும், ஆனால் அது மேலே உட்கார்ந்திருக்கும். வெட்டிய கோட்டில் நிறம் உள்ளே கிடக்கும். மேல்பரப்பு தேய்ந்தாலும் கோடு நிற்கும். அச்சடித்த கோடோ பெரும்பாலும் முதலிலிருந்து கடைசி வரை ஒரே அகலம். வளைவில் பாருங்கள், இன்னும் தெளிவாகத் தெரியும்: உளியைத் திருப்ப முடியாதவர் வளைவைச் சின்னச் சின்ன நேர்வெட்டுகளாக உடைத்துவிடுவார். தேர்ந்த கை ஒரே மூச்சில் திருப்பும்.

பட்டை முன்போல் தந்தத்தில் இல்லையே என்று பெருமூச்சு விடுகிறவர்களை நம்பாதீர்கள். 1986-இல் தந்த வணிகத்துக்கு எதிரான சட்டம் இறுகிய பிறகு தந்தம் போனது, பிளாஸ்டிக் தகடு வந்தது. மட்டமான வெட்டு தந்தத்திலும் மட்டம்தான். வரவேற்பறைக்கென்று தங்க நிறம் பூசிய வீணை வாங்கும் மோகம் அதைவிட மேலோட்டமானது. கச்சேரி விமர்சகர்களோ ஸ்வரத்தை அசைக்கும் கமகத்தைப் பத்தி பத்தியாக அளந்துவிட்டு, கருவி செய்த கையை ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: முதலில் வீட்டுக் கிட்டாரில் பழகுங்கள். ஒலித்துளையைச் சுற்றியுள்ள வளையத்தை நகத்தால் தடவுங்கள். மலிவான கிட்டார்களில் அது பெரும்பாலும் ஒட்டுப்படம்தான். பிறகு திண்டுக்கல், திருச்சி வழியாகத் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறுங்கள். வீணைப் பட்டறையில் யாளி முகத்தைப் பார்த்து வாய் பிளக்காதீர்கள். பட்டை கீறுகிறவரின் இடது கட்டைவிரலைக் கவனியுங்கள். தள்ளுவது வலது கை. உளி வழுக்காமல் நிறுத்துவது அந்த விரல்.