வீழ்ந்தவன் எழுவது எதற்காக?

துன்பம் மனிதனைப் பண்படுத்தும் என்ற கூற்றை நாம் அடிக்கடி கேட்கிறோம். பரிசளிப்பு விழாப் பேச்சுகளிலும், வாழ்க்கையில் முன்னேற வழிகூறும் நூல்களிலும் அது சலிப்பின்றித் திரும்பத் திரும்ப வருகிறது. விழுந்தவன் எழவேண்டும் என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆனால் அவன் எழுவது எதற்காக, எவருடைய கையைப் பற்றிக்கொண்டு என்னும் வினாக்களை இவ்வெழுத்துகள் எழுப்புவதில்லை. நோயும் உன்னுள்ளே, மருந்தும் உன்னுள்ளே என்று கூறி, அவனை வீழ்த்திய சூழலை விசாரணையின்றியே விடுதலை செய்துவிடுகின்றன.

இவ்வினாக்களை மனத்திற் கொண்டு, தமிழில் 'வீரம் விளைந்தது' என்ற பெயரில் நாம் அறிந்த நிக்கலாய் ஒஸ்த்ரோவ்ஸ்கியின் நாவலை மீண்டும் படித்தல் பயனுடையது. 1904இல் உக்ரேனில் ஏழைத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்த ஒஸ்த்ரோவ்ஸ்கி, சிறுவனாகவே புகையிரத நிலையச் சமையற்கூடத்தில் உழைத்தவர். உள்நாட்டுப் போரிற் காயமுற்றார். பின்னர் மூட்டுகளை இறுக்கும் கொடிய நோய் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. முப்பது வயதை எட்டுமுன்னரே கண்பார்வையும் போயிற்று. வரிவரியாகப் பிளவு வெட்டிய மட்டையைத் தாளின்மேல் வைத்து இருளிலே எழுதினார். கை சோர்ந்தபோது பிறர் எழுத, தாம் சொன்னார். 1932 தொடக்கம் 1934 வரை ஒரு சஞ்சிகையில் வெளிவந்த அந்நாவலின் ஆசிரியர் 1936இல், தமது முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

நாவலின் நாயகன் பாவெல் கர்ச்சாகின் கல்லாற் செய்யப்பட்டவனல்லன். கடலோரப் பூங்காவொன்றில், பயனற்றுப்போன உடலோடு இனி வாழ்வதேன் என்று அவன் கைத்துப்பாக்கியை எடுத்துப் பார்க்கும் கட்டம் இருக்கிறது. தான் எழுதிய கையெழுத்துப் பிரதி தபாலிற் தொலைந்துவிட, வேறு பிரதி இல்லாமையால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் கட்டமும் இருக்கிறது. பின்னையது ஆசிரியரின் சொந்த வாழ்விலும் நிகழ்ந்ததே. இவ்விடங்களில் அவனைத் தாங்கி நிறுத்துவது வெறும் மனோதிடமா?

அவ்வாறு கூறுவது நாவலைப் பாதி படிப்பதாகும். குளிரால் விறைக்கும் கீவ் நகருக்கு விறகு கொண்டுவர, சேற்றிலும் பனியிலும் இளைஞர்கள் புகையிரதப் பாதை போடும் அத்தியாயங்களே நூலின் உயிர். அடி கழன்ற சப்பாத்தோடு நிற்கும் பாவெலுக்கு, பாதைக் காவலாளியின் மனைவி பழைய இறப்பர்ச் சப்பாத்தொன்றைக் கொடுக்கிறாள். அவன் படுக்கையில் வீழ்ந்த காலத்திலும் தாயும், மனைவியும், அவன் சொல்லச் சொல்ல எழுதும் அயல்வீட்டுப் பெண்ணும் அருகிருக்கின்றனர். அவன் எழுவது தன்னை உயர்த்திக்கொள்வதற்கன்று. விட்டுப் பிரிந்த அணியில் மீண்டும் சேர்வதற்காகவே. முன்னேற்ற நூல்களுக்கும் இந்நாவலுக்குமுள்ள அடிப்படை வேறுபாடு இதுதான்.

குறைகளை நாம் மறைக்கவேண்டியதில்லை. பகைவர் பக்கத்துப் பாத்திரங்கள் பல உயிரற்ற நிழல்கள். உடலின் வேதனையை அலட்சியம் செய்வதே வீரம் என்ற எண்ணம் நூல் முழுவதும் பரவியுள்ளது. உரிய காலத்தில் ஓய்வும் சிகிச்சையும் பெறவேண்டிய உழைப்பாளியை வேலைக்கு விரட்டும் எவருக்கும் இது வசதியான போதனையாகிவிடும். ஆயினும் ஆசிரியரே இதற்கு ஓரளவு விடை தருகிறார். றீற்றாவின் அன்பைத் துறந்த தன் கடுமை பிழையென்று பாவெல் பின்னர் அவளிடமே ஒப்புக்கொள்கிறான். தன்னைத் தானே வதைத்து மனவலிமையைச் சோதிக்கும் வீர மயக்கத்தை நிராகரிக்கிறான். புகழ்ந்துரைப்போர் பலர் இப்பகுதியைக் காண்பதில்லை.

ஒஸ்த்ரோவ்ஸ்கியை அரசு புனிதச் சிலையாக்கிய அதே ஆண்டுகளில், புரட்சிக்காக உழைத்த பலர் குற்றமின்றிச் சிறைப்பட்டதையும் கொல்லப்பட்டதையும் இன்று நாம் அறிவோம். 1991இல் சோவியத் ஒன்றியமும் கலைந்தது. இவற்றால் நாவல் பொய்யாகிவிடுமா? 1936இல் அந்நாட்டைக் கண்டுவந்து கடுமையாக விமர்சித்த பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்திரே ஜீத், அதே நூலில் ஒஸ்த்ரோவ்ஸ்கியைச் சந்தித்ததை மட்டும் உள்ளம் நெகிழ்ந்தே எழுதினார். சிலையை வைத்தவர்களின் குற்றத்தை, படுக்கையிற் கிடந்து எழுதியவனின் உழைப்பின்மீது சுமத்துதல் நியாயமன்று. அவ்வுழைப்பைக் காட்டிக் குற்றத்தை மூடுதலும் நியாயமன்று.

நம் வகுப்பறைகளில் தோற்ற மாணவனுக்கு நாம் எதைச் சொல்லப்போகிறோம்? முயற்சி செய் என்பது எளிது. அவனுக்குப் போதிய ஆசிரியர் இருந்தனரா, வீட்டில் படிக்க விளக்கும் நேரமும் இருந்தனவா என்று கேட்பது அரிது. அவ்வினாவைக் கேட்காத அறிவுரை, தோல்வியின் மேல் வெட்கத்தையும் ஏற்றிவைக்கிறது. பாவெலுக்குக் கிடைத்த அந்தப் பழைய சப்பாத்தை நாம் மறத்தலாகாது. மன உறுதி பெரிது. அதற்கு நிற்க ஓரிடமும், பற்ற ஒரு கையும் வேண்டும். அவற்றை உண்டாக்குவது அவன் ஒருவனுடைய கடமையன்று, நம் அனைவருடையதுமாகும்.