அந்த ஃபங்ஷனை யார் கூப்பிடுவது?

சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் ரிச்சர்ட் ஷெல்லரும் ரிச்சர்ட் ஆக்ஸலும் 1984-ல் எழுதிய கட்டுரையைப் போன வாரம் மறுபடி படித்தேன். பிறவியிலேயே அமைந்த ஒரு நடத்தையை ஜீன்கள் எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்பதுதான் தலைப்பு. முதல் தடவை படிச்சப்போ அசந்துபோயிட்டேன். நிரல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேணும்? ஆபீஸில் பலரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன்.

கதை கலிஃபோர்னியா கடல் முயலைப் பற்றியது. பெயர்தான் முயல், உண்மையில் கடல்நத்தை இனம். அதன் வயிற்று நரம்புமுடிச்சை ஒட்டி 'பை செல்கள்' இரண்டு கொத்தாக இருக்கும். அவற்றின் சாற்றை ஊசியில் ஏற்றினால் முட்டையிடுகிறது என்று 1967-ல் காட்டியவர் இர்விங் குப்ஃபர்மன். பை செல்கள் உசுப்பப்பட்டால் அரைமணி நேரம்போல விடாமல் துடிக்கும். ஹார்மோன் கசியும். விலங்கு நடப்பதையும் தின்பதையும் நிறுத்திவிட்டு, வெளிவரும் முட்டைச்சரடை வாயால் பற்றி, தலையை ஆட்டி ஆட்டிப் பாறையில் ஒட்டும். ஹார்மோனில் 36 அமினோ அமிலங்கள். அதையும் இன்னும் சில பெப்டைடுகளையும் சேர்த்து ஒரே ஜீன் ஒரே நீளப் புரதமாகத் தருகிறது, அது பிறகு துண்டாகிறது என்பது ஷெல்லர் குழுவின் 1983 கண்டுபிடிப்பு. அபாரமான வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் சண்டை 'கட்டுப்படுத்துகின்றன' என்ற சொல்லோடு. ஜீன் தருவது சரக்கை. எப்போது அவிழ்ப்பது என்பதை அது சொல்வதில்லை.

"சரி, அந்த ஃபங்ஷனை யாரு கூப்பிடுறா?" என்று ஒரு நண்பர் அப்பவே கேட்டார். ஏட்ரியல் சுரப்பி என்று கூசாமல் சொன்னேன். இனப்பெருக்கக் குழாயில் இருக்கும் அந்தச் சுரப்பியின் பெப்டைடுகளும் அதே ஜீன் குடும்பம்தான். ஊசியில் ஏற்றினால் பை செல்கள் துடிக்கும். ஆனால் அந்தச் சுரப்பி ரத்தத்தில் கொட்டுவதில்லை, குழாய்க்குள்தான் கொட்டுகிறது என்று பின்னால் தெரிந்தது. ஊசியால் முடிகிறது என்பதை, உடம்பு அப்படிச் செய்கிறது என்று எடுத்துக்கொண்டேன். டெஸ்டில் ஓடியதை ப்ரொடக்‌ஷனில் ஓடுவதாக எண்ணியதுபோல.

வெளியே கடலில் நடப்பதோ வேறு. ஒன்று இட்ட முட்டைச்சரடின் வாசனை மற்றவற்றை இழுத்து வருகிறது. அல்புமின் சுரப்பியிலிருந்து வரும் 'அட்ராக்டின்' என்ற 58 அமினோ அமிலப் புரதத்துக்கு அதில் பங்குண்டு. கூட்டம் சேர்கிறது, இணைகிறது, அங்கேயே முட்டையிடுகிறது. ஆக்ஸல் 2004-ல் நோபல் வாங்கியது வாசனை ஆராய்ச்சிக்குத்தான் என்பது வேடிக்கை.

கேள்வி கேட்ட நண்பர் இப்போது வேறு ஊரில். நம்பர் இருக்கிறது. தப்பாச் சொல்லிட்டேன்னு கூப்பிட்டுச் சொல்லணும்.