இரண்டு பாறைகளும் ஒரு தலைப்பாகையும்

ஆரல்வாய்மொழிக் கணவாயின் ஓரத்தில் காற்றாடிமலை நிற்கிறது. 1752 ஜனவரி 14 அன்று, விலங்கிடப்பட்ட தேவசகாயத்தைத் திருவிதாங்கூர் அரசின் சிப்பாய்கள் அங்கே சுட்டுக் கொன்றனர். 2022 மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதராக அறிவிப்பதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே நாஞ்சில் நாட்டு மக்கள் அம்மலையில் முழந்தாளிட்டு மன்றாடி வந்தனர். வடக்கே வயநாட்டின் திருநெல்லிக் காட்டில் வேறொரு பாறை உண்டு. ‘வர்க்கீஸ் பாறை’ என்று அதை அழைக்கின்றனர். 1970 பிப்ரவரி 18 அன்று, பிடிபட்டுக் கையறு நிலையில் இருந்த வர்க்கீஸ் என்னும் நக்சலைட் இளைஞரைக் காவலர்கள் அக்காட்டில் சுட்டுக் கொன்றனர்.

இவ்விரு பாறைகளையும் ஒரே பத்தியில் வைத்ததைக் கண்டு வாசகர் திகைக்கலாம். மறைசாட்சியையும் ஆயுதம் ஏந்தியவரையும் ஒரே பீடத்தில் ஏற்ற நாம் முனையவில்லை. தேவசகாயம் எவர் உயிரையும் எடுக்கவில்லை. தம் உயிரை மட்டுமே கொடுத்தார். வர்க்கீஸின் குழு உயிர்களைப் பறித்தது. இவ்வேறுபாட்டை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ஆயினும் இரண்டு இடங்களிலும் ஒரு காட்சி பொதுவாக இருக்கிறது. தப்ப வழியில்லாத ஒரு மனிதர். அவருக்கு எதிரே, மேலிடத்து ஆணையால் துப்பாக்கியைத் தூக்கிய ஒரு சிறிய மனிதர். காற்றாடிமலையில் நின்ற சிப்பாயின் உள்ளம் என்ன பாடுபட்டது என்பதை நாம் கேட்டு வளர்ந்த கதைகள் சொல்லுவதில்லை. திருநெல்லியில் நின்ற காவலரோ, இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் வாய் திறந்தார். அந்தக் குரலிலிருந்து பிறந்த கலைப்படைப்பே 2008இல் வெளிவந்த ‘தலப்பாவு’ என்னும் மலையாளத் திரைப்படம். அதனைச் சற்று நின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தலப்பாவு என்றால் தலைப்பாகை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்த நம் மாவட்டத்தாருக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. நடிகரும் சிறுகதை ஆசிரியருமான மதுபால் இயக்கிய முதற்படம் இது. பாபு ஜனார்த்தனன் எழுதியிருக்கிறார். புரட்சியாளன் ஜோசப்பாக பிருத்விராஜும், அவனைச் சுட்ட காவலர் ரவீந்திரன் பிள்ளையாக லாலும் நடித்துள்ளனர். அவ்வாண்டின் சிறந்த நடிகருக்கான கேரள அரசு விருதினை லால் பெற்றார். புரட்சியாளனின் கதையைச் சொல்லும் படம், அவனைக் கொன்றவரின் தலையணியைப் பெயராகச் சூடிக்கொண்டிருக்கிறது. இப்பெயரிலேயே படத்தின் பலம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அதன் குறையும் இதிலேதான் இருக்கிறது.

முதலில் நிகழ்ந்ததைச் சொல்லுவோம். வயநாட்டு மலைநாட்டில் கிறிஸ்தவ விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் வர்க்கீஸ். மார்க்சிஸ்ட் கட்சியின் கண்ணூர் மாவட்டக் குழு அலுவலகத்தில் பணியாற்றியவரை, ஆதிவாசிகளிடையே சங்கம் அமைக்கக் கட்சி வயநாட்டுக்கு அனுப்பியது. திருநெல்லிப் பகுதியில் வாழ்ந்த அடியர் என்னும் பழங்குடியினரின் அன்றைய நிலை, படிப்பவர் நெஞ்சைக் கலங்கச் செய்வது. மானந்தவாடிக்கு அருகிலுள்ள வள்ளியூர்க்காவின் திருவிழாவில் நிலக்கிழார்கள் முன்பணம் கொடுத்து, குடும்பம் குடும்பமாக அவர்களை ஓராண்டுக்குப் பிடித்துக்கொள்வது வழக்கம். அந்த ஓராண்டில் அடியருக்கு வேறிடம் செல்லும் உரிமையில்லை. கூலியாக நெல்லையே அளந்தனர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் மத்திய அரசின் சட்டம் 1976இல்தான் வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர்களுடைய குடிசைகளில் தங்கி, அவர்கள் உண்டதை உண்டு, கூலி உயர்வுக்காகப் போராடினார் வர்க்கீஸ். ‘அடியோரின் பெருமன்’ என்று அம்மக்கள் அவரை அழைத்தனர். பெருமன் என்றால் அவர்கள் மொழியில் தலைவன்.

இங்கே நாம் சற்றுத் தலைகுனிய வேண்டியுள்ளது. திருவிதாங்கூரிலிருந்து மலபார் மலைகளுக்குக் குடியேறிய கிறிஸ்தவர்களின் உழைப்பைப் பற்றி எத்தனையோ பெருமிதக் கதைகளைக் கேட்டிருக்கிறோம். காட்டைத் திருத்தினர், காய்ச்சலோடு போராடினர், ஆலயம் எழுப்பினர். யாவும் உண்மையே. ஆயினும் அக்காடுகளில் முன்பே வாழ்ந்தவர் எங்கே போயினர் என்னும் வினா அக்கதைகளில் அரிதாகவே எழுகிறது. அவ்வினாவை எழுப்பிய ஒருவர், குடியேறிய அச்சமூகத்தின் நடுவிலிருந்தே வந்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

அவர் தேர்ந்த வழியோ நம்மை வேறு விதமாகக் கலங்க வைக்கிறது. 1968 நவம்பரில் தலச்சேரி, புல்பள்ளி ஆகிய இடங்களில் நக்சலைட்டுகள் தாக்குதல் நடத்தினர். அந்த இயக்கத்தின் முன்னணியில் நின்ற வர்க்கீஸ் காட்டுக்குள் மறைந்தார். 1970 பிப்ரவரியில் திருநெல்லிப் பகுதியில் வாசுதேவ அடிகா என்னும் நிலவுடைமையாளரும், சேக்கு என்பவரும் அக்குழுவினரால் கொல்லப்பட்டனர். சில நாள்களில் வர்க்கீஸும் இறந்தார். காவலர்களோடு நடந்த மோதலில் மாண்டார் என்று அரசு அறிவித்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் அதுவே வரலாறாக நின்றது.

1998இல் ராமச்சந்திரன் நாயர் என்னும் முன்னாள் காவலர், மோதல் எதுவும் நடக்கவில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். வர்க்கீஸ் உயிரோடு பிடிபட்டார். மேலதிகாரியின் ஆணைப்படி நானே சுட்டேன். மறுத்தால் என்னையும் கொன்றுவிட்டு மோதலில் இறந்ததாகக் கணக்குக் காட்டுவோம் என்று மிரட்டினர். இதுவே அவர் சொன்னதன் சாரம். உயர்நீதிமன்றத்தின் ஆணையால் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. உண்மையைச் சொன்னவரே முதற் குற்றவாளியாகப் பதிவானார். 2006இல், தீர்ப்பைக் காணாமலேயே அவர் இறந்தார். ஆணையிட்ட அதிகாரி லட்சுமணா 2010 அக்டோபரில் ஆயுள் தண்டனை பெற்றார்; குற்றம் சாட்டப்பட்ட மற்றொரு உயரதிகாரி விடுவிக்கப்பட்டார். 2021இல் கேரள அரசு வர்க்கீஸின் உடன்பிறந்தாருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க முடிவு செய்தது. குண்டு பாய்ந்ததற்கும் நீதிமன்றம் பேசியதற்கும் இடையே நாற்பது ஆண்டுகள்.

மதுபாலின் படம் இவ்வரலாற்றை நீதிமன்ற நாடகமாக ஆக்கிவிடவில்லை. அது நல்ல தெரிவு. சுட்ட பின் ஒரு மனிதன் எப்படி வாழ்ந்தான் என்பதையே அது பின்தொடர்கிறது. இறந்தவன் அவருடைய நினைவில் மீண்டும் மீண்டும் வருகிறான். லாலின் நடிப்பில் உரத்த அழுகை குறைவு. முதுகு வளைவதும், பேச்சு குறைவதும், பார்வை தரையில் நிலைப்பதுமாகக் குற்ற உணர்வு உடலிலேயே குடியேறிவிடுகிறது. சீருடையைக் கழற்றிய பின்பும் தலையில் ஏதோ கனப்பதுபோல அவர் நடக்கிறார். ஆணை மேலிருந்து வந்தது, நான் வெறும் கருவி என்று சொல்லித் தப்பிக்க அவருக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. மனச்சான்று அந்த வாய்ப்பை ஏற்க மறுக்கிறது. கைகழுவிய பிலாத்துவையும், சிலுவையடியில் உண்மையை உணர்ந்த நூற்றுவர் தலைவரையும் தவக்காலந்தோறும் சிந்திக்கும் நமக்கு இக்கதை அந்நியமானதன்று. பாவ அறிக்கை செய்பவர், தமக்கு ஆணையிட்டவரின் பாவத்தைச் சொல்லித் தம்முடையதை மறைப்பதற்கில்லை. இதைக் கோயிலில் கற்ற நாம், திரையரங்கில் ஒரு காவலரிடம் மீண்டும் கற்கிறோம்.

எனினும் இப்படத்தைப் பார்த்து முடித்தபின் ஒரு குறை நம்மை விடாமல் உறுத்துகிறது. இறந்தவர்களை அது எப்படி எண்ணுகிறது? ஜோசப்பின் மரணத்துக்கு அழுவதற்கு ஒரு மனிதரின் வாழ்நாள் முழுவதும் தரப்படுகிறது. நிலக்கிழாரோ கொடுமையின் திரண்ட உருவமாகவே நிற்கிறார். அவருக்கு நேரும் முடிவு பார்வையாளருக்கு எந்த வலியையும் தருவதில்லை. நடந்த வரலாற்றில் அடிகாவும் சேக்குவும் இறந்தனர். அவர்கள் செய்தது எதுவாயினும், அவர்களுக்கும் வீடு இருந்தது. வாசலில் காத்திருந்தோர் இருந்தனர். வர்க்கீஸுக்காக ஒரு காவலர் குற்றத்தை ஏற்றார். அவர்களுக்காக ஏற்றவர் யார்? கொடுமையாளன் என்று முத்திரை குத்தியபின் ஒருவரைக் கொல்வது எளிதாகிறது. நக்சலைட் என்று முத்திரை குத்தியபின் வர்க்கீஸைக் கொல்வதும் அதே விதத்தில்தான் எளிதாயிற்று. இந்த ஒற்றுமையைக் காட்டியிருந்தால் படம் இன்னும் ஆழமாகியிருக்கும்.

இவ்வாறு காட்டுவது கலைக்கு இயலாததன்று என்பதற்கு ஒரு ஜெர்மானியப் படம் சான்று. ஜெர்மனியில் லூத்தரன் சபைப் போதகர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர் குட்ருன் என்ஸ்லின். செம்படைப் பிரிவு என்னும் ஆயுதக் குழுவைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். அவர் சிறையில் இருந்தபோது, 1977 செப்டம்பர் 5 அன்று கொலோன் நகரில் அக்குழுவினர் தொழிலதிபர் ஷ்லையரைக் கடத்தினர். அவருடைய ஓட்டுநரையும் மூன்று காவலரையும் அவ்விடத்திலேயே கொன்றனர். அக்டோபர் 18 அன்று ஸ்டாம்ஹைம் சிறையில் என்ஸ்லின் இறந்து கிடந்தார். தற்கொலை என்றது அரசு, ஐயுற்றோர் பலர். மறுநாள் ஷ்லையரின் உடல் கிடைத்தது. இவ்வாழ்வைத் தழுவி மார்கரெத் ஃபொன் ட்ரோட்டா 1981இல் எடுத்த படம் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் விருதினைப் பெற்றது. ‘ஈயத்தாலான காலம்’ என்பது அதன் ஜெர்மானியப் பெயரின் பொருள். அங்கும் இறந்தவளின் கதையை உயிரோடிருப்பவரே சுமக்கிறார். தங்கை எப்படி இறந்தாள் என்று தேடித் தன் வாழ்வைத் தொலைக்கும் அக்காள் அவர். ஆனால் இறுதியில் இறந்தவளின் சிறுவயது மகன், தாயின் படத்தைக் கிழித்தெறிகிறான். பெரியம்மா அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தாயைப் பற்றிச் சொல்லத் தொடங்குமாறு அவன் கேட்கிறான். உலகைத் திருத்தப் புறப்பட்ட ஒருத்தியால் காயப்பட்டவனும் பேச, அப்படம் இடமளிக்கிறது. அன்பு, நியாயம், கோபம் மூன்றும் ஒரே அறையில் நிற்கின்றன.

‘தலப்பாவு’ படத்தில் அத்தகைய அறை இல்லை. அடியருக்கும் அதில் போதிய இடமில்லை. அவர்கள் துன்புறுகின்றனர், போராட்டத்துக்குக் காரணமாகின்றனர், பின்னணியில் கரைகின்றனர். காவலரின் மனச்சான்றும் புரட்சியாளனின் வீரமும் பேசுகின்றன. யாருக்காக இவ்வளவும் நடந்ததோ அவர்கள் பேசுவதில்லை. அவர்கள் உலகைக் காண விரும்புவோர் கே. ஜெ. பேபியின் ‘மாவேலிமன்றம்’ நாவலுக்கே செல்ல வேண்டும். அடியரின் நினைவுகளிலிருந்தே அது வரலாற்றைச் சொல்லுகிறது.

இக்குறைகளைச் சொன்னபின்னும் இப்படம் காணத்தக்கது என்றே நாம் கருதுகிறோம். காரணம் நமக்கு மிக அருகில் இருக்கிறது. 2020 ஜூனில், தூத்துக்குடி மாவட்டத்தின் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனுமான ஜெயராஜும் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் அடிபட்டு இறந்தனர். அன்றிரவு அங்கே பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், அச்சத்தின் நடுவிலும் தாம் கண்டதைச் சில நாள்களிலேயே நீதித்துறை நடுவரிடம் சொன்னார். திருநெல்லிக் காவலருக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் பிடித்த சொல் அது. நம் பங்குகளில் காவல் பணியில் இருப்போர் உண்டு; அலுவலகங்களில் ஆணைக்குப் பணிந்து கையெழுத்திடுவோர் உண்டு. யாருடைய தலையிலும் ஏதோ ஒரு தலைப்பாகை இருக்கத்தான் செய்கிறது. அதைக் கழற்றிவைத்துவிட்டுத் தம் பெயரால் பேசும் வேளை எவருக்கும் வரக்கூடும்.

காற்றாடிமலையில் மணியடிச்சான் பாறை என்றொன்று உண்டு. தேவசகாயம் சுடப்பட்டபோது பெயர்ந்து விழுந்தது என்பர்; தட்டினால் மணிபோல் ஒலிக்கும். மனிதர் பேசாத காலத்தில் கல்லேனும் பேச வேண்டும் என்று நம் முன்னோர் விரும்பினர் போலும். திருநெல்லியில் கல் ஒலிக்கவில்லை. மிகத் தாமதமாக ஒரு மனிதர் பேசினார். அவர் சொல்லாமல் விட்ட பெயர்களையும், கொன்றவனாலும் கொல்லப்பட்டவனாலும் மறக்கப்பட்ட எளியோரின் பெயர்களையும் சேர்த்துச் சொல்லும் படைப்பு இனிமேல்தான் வர வேண்டும்.