இயக்கி, இசக்கி, யக்ஷி: ஒரு சொல்லின் ஒலிவழியும் பொருள்வழியும்

ஆய்வுச் சுருக்கம்

மரம், நீர்நிலை, எல்லைப்புறம் ஆகியவற்றில் உறைவதாகக் கருதப்படும் ஆற்றல்களைக் குறிக்கும் ‘யக்ஷ’ என்னும் சொல், இந்திய மொழிகளிலும் அவற்றுக்கு அப்பாலும் பல வடிவங்களில் வழங்குகிறது. தமிழில் இயக்கி, இசக்கி, யட்சி என்னும் மூன்று வடிவங்கள் உள்ளன. இவற்றின் ஒலி வரலாற்றையும் பொருள் வரலாற்றையும் பிரித்து நோக்கவேண்டும் என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

திறவுச் சொற்கள்: இயக்கி, இசக்கி, யக்ஷி, கடன்சொல், நாட்டார் தெய்வம், தொண்டை மண்டலம்

முன்னுரை

இசக்கியம்மன் வழிபாட்டை ஆராய்வோர் இரு முடிவுகளுள் ஒன்றை எளிதில் ஏற்றுக்கொள்கின்றனர். இசக்கி என்பது யக்ஷியின் திரிபு. ஆகவே இசக்கி யக்ஷியே என்பது ஒன்று. ‘இயக்கு’ என்னும் வினையடியாகப் பிறந்த தூய தமிழ்ச்சொல்லே இயக்கி. உலகை இயக்குபவள் என்பது அதன் பொருள் என்பது மற்றொன்று. முன்னது சொல்லின் பிறப்பிலிருந்து தெய்வத்தின் இயல்பை முடிவு செய்கிறது. பின்னது தெய்வத்தின் தமிழ்த்தன்மையிலிருந்து சொல்லின் பிறப்பை முடிவு செய்கிறது. இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

ஒலிவழி

யகரம் ஆகாரத்தோடு மட்டுமே மொழிக்கு முதலாகும் என்பது தொல்காப்பிய வரையறை. யகரத்தை முதலாகக் கொண்ட வடசொற்கள் தமிழில் வழங்கும்போது இகரம் முன்வரும் என்றும், க்ஷகரம் இடையில் இரு ககரமாகும் என்றும் நன்னூல் கூறுகிறது. யக்ஷன் ‘இயக்கன்’ ஆவதும் யக்ஷி ‘இயக்கி’ ஆவதும் இவ்விதிகளுக்கு முற்றும் பொருந்துகின்றன.

இயக்கி ‘இசக்கி’ ஆனது இரண்டாம் கடன் வரவன்று. தமிழுக்குள்ளேயே நிகழ்ந்த மாற்றம். உயிர்–உசிர், மயிர்–மசிர், உயரம்–ஒசரம், முயல்–மொசல் என்னும் பேச்சுவழக்கு இணைகளில் காணப்படும் யகர–சகர மாற்றமே இங்கும் உள்ளது. யட்சி, யட்சிணி என்பன பின்னர் வடமொழியிலிருந்து நேரே பெறப்பட்டவை. க்ஷகரம் இவற்றில் ட்சகரமாகியிருப்பதே இதற்குச் சான்று.

அண்டை மொழிகள் இதனைத் தெளிவாக்குகின்றன. பிராகிருத ‘ஜக்க’ வடிவத்தைப் பின்பற்றிக் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஜகர முதலான ஜக்க, ஜக்கிணி போன்ற வடிவங்கள் வழங்கின. மலையாளம் ‘யக்ஷி’ எனும் வடமொழி வடிவத்தையே போற்றியது. பாலியில் ‘யக்க’, சிங்களத்தில் ‘யகா’, பன்மையில் ‘யக்கு’. பார்ஹுத் தூபியின் கல்வெட்டுகளில் யகோ, யகி, யகினி என்னும் வடிவங்கள் சிற்பங்களின் பெயர்களோடு பொறிக்கப்பட்டுள்ளன. இயக்கி என்பது ‘இயக்கு’ என்னும் தமிழ் வினையின் வழிப் பிறந்ததாயின், இவ்வடிவங்கள் அனைத்தோடும் அது கொண்டுள்ள ஒழுங்கான ஒலியுறவையும், இயக்கன் என்னும் ஆண்பால் இணையையும் விளக்க இயலாது. எனினும் வினையடி விளக்கம் பயனற்றதன்று. வந்த சொல்லை வழிபடுவோர் தம் மொழிக்குள் எவ்வாறு வேரூன்றச் செய்தனர் என்பதற்கு அது சான்றாகும். அதனைச் சொற்பிறப்பாகக் கொள்ளாமல், சொல்லேற்பின் வரலாறாகக் கொள்ளவேண்டும்.

பொருள்வழி

புறநானூற்று 71ஆம் பாடலில் இயக்கன் என்பது பூதப்பாண்டியனின் நண்பர் ஒருவரின் பெயராக வருகிறது. அங்கு அது தெய்வ வகையைச் சுட்டவில்லை. மலையிலும் சுனையிலும் உறையும் ஆற்றல்களைச் சங்க நூல்கள் அணங்கு, சூர், சூரரமகளிர் என்றே பெரிதும் வழங்குகின்றன. ஆகவே இயக்கி என்னும் சொல் வெற்றிடத்தில் வந்து அமரவில்லை. ஏற்கெனவே பெயர்பெற்றிருந்த ஒரு நம்பிக்கைப் பரப்பினுள் நுழைந்தது.

சிலப்பதிகாரத்தில் மதுரையின் புறஞ்சேரியில் உள்ள இயக்கிக்குப் பால்மடை கொடுத்துத் திரும்பும் மாதரியே கண்ணகிக்கு அடைக்கலம் தருகிறாள். இவ்வியக்கி அச்சந்தரும் பேயல்லள். ஊர்ப்புறத்தில் உறைந்து படையல் பெறும் தெய்வம். சீவக சிந்தாமணியில் சீவகன் ஓதிய மந்திரத்தால் சுதஞ்சணன் என்னும் இயக்கனாகப் பிறக்கும் நாய், நன்றி மறவாத துணையாகிறது. ஆர்க்காட்டை அடுத்த பஞ்சபாண்டவ மலையில் நந்திபோத்தரசரின் 50ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, ‘பொன்னியக்கியார்’ என்னும் தெய்வத்தின் படிமம் செதுக்கப்பட்டதைக் குறிப்பிடுகிறது. ‘ஆர்’ என்னும் உயர்வுப் பன்மை விகுதி கருதத்தக்கது. சமணத்தில் தீர்த்தங்கரரின் காவல் தெய்வமாக உயர்ந்த இயக்கியின் நிலையை அவ்வொரு விகுதி காட்டிவிடுகிறது.

தென்மாவட்ட இசக்கியின் கதை வேறு. கொலையுண்டு, கள்ளிக்கொப்பைக் குழந்தையாக மாற்றி ஏந்திவந்து பழிதீர்க்கும் நீலியே இசக்கியாகிறாள். அக்கதையின் களமான பழையனூரோ தொண்டை மண்டலத்துத் திருவாலங்காட்டை அடுத்துள்ளது. அந்நீலியே சமணக் காப்பியமான நீலகேசியில் அறவுரை கேட்டுத் தருக்கம் புரியும் தலைவியாக வடிவெடுக்கிறாள். குழந்தையோடு காட்சிதரும் சமண அம்பிகையின் படிமமும், கையில் குழந்தையேந்திய இசக்கியின் சுதையுருவமும் ஒப்புமையுடையன. ஆனால் ஒப்புமை ஒன்றே தொடர்ச்சிக்குச் சான்றாகாது. பிள்ளைவரம் வேண்டித் தொட்டில் கட்டும் பெண்ணுக்கு இசக்கி தாய். நள்ளிரவில் அவள் கோயிலைக் கடப்பவருக்கு அச்சம். இவ்விரட்டைத் தன்மையை ‘யக்ஷி’ என்னும் அகராதிப் பொருள் தாங்காது.

பிறமொழிகளிலும் இவ்வாறே. மலையாள யக்ஷி பனையிலோ பாலையிலோ உறைந்து, சுண்ணாம்பு கேட்டு வழிமறித்துக் குருதி குடிப்பவள். சிங்கள யகா நோய்தரும் ஆற்றலாகித் தொவில் சடங்கில் விரட்டப்படுகிறான். தாய்லாந்தில் ‘யக்’ கோயில் வாயிலைக் காக்கும் பேருரு. சீனமும் சப்பானியமும் ஒலியைப் பெயர்த்து ‘யேச்சா’, ‘யாஷா’ என்றன. திபெத்தியமோ பொருளைப் பெயர்த்து ‘தீங்கு தருபவர்’ என்றது. இலங்கைத் தமிழ் வரலாற்றெழுத்தில் ‘இயக்கர்’ ஒரு தொல்குடியினரின் பெயராகவே வழங்குகிறது. ஒலியில் உறவுடைய சொற்கள் பொருளில் இத்துணை விலகுவதற்குக் காரணம், ஒவ்வோரிடத்தும் அச்சொல்லை ஏற்ற சமயமும் அங்கு முன்பே வேரூன்றியிருந்த வழிபாடுமே.

பெயர் மறைந்த இடம்

பொன்னியக்கியாரைக் கல்லில் பொறித்த வடதமிழகத்தில் இயக்கி இன்று பெருவழக்கான ஊர்த்தெய்வப் பெயரன்று. ஏரிக்கரையிலும் தோப்பிலும் உறையும் பெண் ஆற்றல்கள் கன்னிமார், பச்சையம்மன் முதலான பெயர்களைப் பெற்றுள்ளன. தென்கோடியிலோ சொல் தெய்வப்பெயராக மட்டுமன்றி, இசக்கிமுத்து, இசக்கியம்மாள் என மக்கட்பெயராகவும் வாழ்கிறது. எனவே இயக்கி என்னும் சொல் உள்ள இடங்களை மட்டும் தேடுவது இவ்வழிபாட்டின் வரலாற்றைப் பாதியாக்கிவிடும். கன்னிமாரை இயக்கியின் மறுபெயர் எனக் கொள்வதும் பிழையே. பெயர், உறைவிடம், படையல், கதை ஆகிய நான்கும் தனித்தனியே பதிவு செய்யப்பட்ட பின்னரே ஒப்பீடு தொடங்கவேண்டும்.

இது காலத்தோடு போட்டியிடும் பணி. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியிலுள்ள வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை நிகழ்த்திய அகழாய்வு, கற்கருவிக் காலம் வரை செல்லும் மண்ணடுக்குகளை வெளிப்படுத்தியது. மண்ணில் புதைந்த பொருள் அகழ்வோருக்காகக் காத்திருக்கும். வாய்மொழியில் வாழும் தெய்வப்பெயர் அவ்வாறு காத்திராது. ஏரியும் தோப்பும் நிலப்பயன் மாறும்போது அவற்றின் உறைதெய்வப் பெயர்களும் வழக்கொழியும்.

முடிவுரை

இயக்கி வடசொல் வழிவந்தது என்பதால் இசக்கி வழிபாடு அயலதாகிவிடாது. அவ்வழிபாடு தமிழ் மண்ணுக்குரியது என்பதால் சொல் தமிழ்ப்பிறப்பினதாகிவிடாது. அகராதிகளும் மொழிபெயர்ப்புகளும் இசக்கியை யக்ஷி என்று பெயர்த்து அமையாமல், அவ்வடிவம் வழங்கும் வட்டாரத்தையும் வழிபாட்டுப் பொருளையும் தனியே தரவேண்டும். சொல் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒலியியல் விடை தரும். அது வந்த இடத்தில் என்ன ஆயிற்று என்பதற்குக் களமே விடை தரும்.