பத்தில் ஒன்று: ஜப்பானிய மரக்கட்டட மாதிரிகளின் பள்ளிகளும் அளவுகோல்களும்

ஜப்பானின் நாரா நகரத்தில் கைரியூஓஜி என்ற கோயிலின் மண்டபத்துக்குள் சுமார் 4 மீட்டர் உயரமுள்ள ஐந்தடுக்குப் பகோடா ஒன்று நிற்கிறது. அதே நகரத்தில் கங்கோஜி கோயிலில் இன்னொன்று, சுமார் 5.5 மீட்டர் உயரம். இரண்டும் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த மரவேலைகள். இரண்டும் அந்நாட்டின் தேசியப் பொக்கிஷங்கள். இவற்றைப் பார்த்தால் மேலோட்டமான கண்ணுக்கு ஒரே கைவேலை போலத் தோன்றும். உள்ளே பார்த்தால் கதை வேறு. கைரியூஓஜி பகோடாவின் அடுக்குகள் உள்ளே வெறும் பெட்டிகள். அவற்றின் வெளிப்புறத்தில்தான் தூண், போதிகை, கைமரம் எல்லாம் நுணுக்கமாகச் செதுக்கி ஒட்டப்பட்டிருக்கின்றன. கங்கோஜி பகோடாவிலோ கண்ணுக்குத் தெரியாத உட்சட்டகமும் உண்மைக் கட்டடத்தில் இருப்பதுபோலவே கட்டப்பட்டிருக்கிறது.

ஜப்பானிய மாதிரிக் கலையின் இரு பள்ளிகளும் இந்த இரண்டு பகோடாக்களிலேயே தொடங்கிவிட்டன என்பது என் கருத்து. ஒன்று தோற்றத்தைக் காப்பது, மற்றது கட்டுமானத்தைக் காப்பது. முதலாவதைக் குறைவாக எடைபோடக் கூடாது. கைரியூஓஜி பகோடாவின் போதிகை அடுக்குகள் யாகுஷிஜி கோயிலின் கிழக்குப் பகோடாவின் பாணியை ஒத்தவை; அந்தக் காலத் தச்சு முறையை ஆராய்வோருக்கு அது ஒரு சாட்சி. ஆனாலும் மாதிரி செய்யக் கற்றுக்கொள்ள வருபவர் எந்தப் பள்ளியில் சேர வேண்டும் என்று கேட்டால், தயங்காமல் கங்கோஜியைத்தான் காட்டுவேன். அதற்கான காரணம் ஷிகோகு தீவில் இருக்கிறது.

அங்குள்ள ஓசு கோட்டையின் நான்கடுக்கு மாளிகை 1888இல் இடிக்கப்பட்டது. பழைய நிழற்படங்கள் மிஞ்சின. படத்தில் தெரிவது சுவரும் கூரையும்தானே? உள்ளே எந்தத் தூண் எங்கே நின்றது, எந்த உத்திரம் எதன்மேல் உட்கார்ந்தது என்பதைப் படம் சொல்லாது. அதைச் சொன்னது, ஓசு சிற்றரசின் தலைமைத் தச்சர் குடும்பத்தில் வழிவழியாகக் காக்கப்பட்டு வந்த ஒரு மரச்சட்டக மாதிரி. நிழற்படங்களையும் அந்த மாதிரியையும் சேர்த்து வைத்துக்கொண்டு 2004இல் மாளிகையை மரத்திலேயே மீண்டும் எழுப்பினார்கள். உயரம் 19 மீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு மாதிரியின் தரத்தை அளக்க இதைவிட நல்ல தேர்வு எனக்குத் தெரியவில்லை: கட்டடம் போய்விட்டால், மாதிரியை வைத்துக்கொண்டு ஒரு தச்சர் அதைத் திரும்பக் கட்ட முடியுமா?

டோக்கியோவின் சோஜோஜி கோயிலில் உள்ள மாதிரியும் இந்தத் தேர்வுக்கு முன் நிற்கத் தகுந்தது. தொகுகாவா மரபின் இரண்டாம் ஷோகன் (படைத்தலைமை ஆட்சியாளர்) ஹிதேததாவுக்காக 1632இல் எழுந்த தைதொகுஇன் சமாதிக் கோயிலின் 1/10 மாதிரி அது. 1910இல் லண்டனில் நடந்த ஜப்பான்-பிரிட்டன் கண்காட்சிக்காக டோக்கியோ நகரம் அதைச் செய்வித்தது. புகழ்பெற்ற சிற்பி தகாமுரா கோஉன் மேற்பார்வையில் இருந்தார். அரக்குப் பூச்சு, பொன்வேலை, உலோகப் பூண் எதையும் விடவில்லை. பிறகு அது பிரிட்டிஷ் அரசருக்குப் பரிசாயிற்று. 1945 விமானத் தாக்குதலில் அசல் எரிந்துபோனது. பிரித்த நிலையில் நெடுங்காலம் கிடந்த மாதிரி சீரமைக்கப்பட்டு, 2015 முதல் சோஜோஜியிலேயே பார்வைக்கு இருக்கிறது.

ஏன் பத்தில் ஒன்று? இதில் தச்சர் கணக்கு இருக்கிறது. பழைய ஜப்பானிய அளவுகள் பத்துப் பத்தாக இறங்குபவை. ஒரு ஷாக்கு 30.3 செ.மீ.; அதில் பத்தில் ஒன்று சுன்; சுன்னில் பத்தில் ஒன்று பு. வரைபடத்தில் 12 ஷாக்கு என்று இருப்பதை மாதிரியில் 12 சுன் என்று வெட்டினால் போதும். வகுத்தல் இல்லை, பிழைக்கு வழி குறைவு. இந்த அளவில் கழுந்தையும் துளையையும் உளியால் உண்மையாகவே வெட்டவும் முடிகிறது. 1960களில் ஜப்பானிய அரசின் பண்பாட்டுத் துறை பழங்கட்டடங்களுக்கு மாதிரிகள் செய்வித்தபோது பெரும்பாலும் இந்த அளவையே கொண்டது. கடையில் வாங்கும் மரத்துண்டுத் தொகுப்புகள் 1/75, 1/150 அளவுகளில் வருகின்றன. பொழுதுபோக்குக்கு அவை நல்லவை. அவற்றில் பொருத்துகளைக் கற்க முடியாது.

தேநீர் அறைகளுக்கு மட்டும் முற்றிலும் வேறு மரபு. ஒகோஷி-எசு என்பது தரைப்படத்தின் ஓரங்களில் சுவர்ப்படங்களை ஒட்டி, வேண்டும்போது நிமிர்த்தி நிறுத்தும் காகித மாதிரி. சன்னல் அளவு, சுவர்ப்பூச்சு, மரத்தின் வகை எல்லாம் அந்தந்தச் சுவரிலேயே எழுதியிருக்கும். மடித்தால் உறைக்குள் போய்விடும். உளி பிடிக்காத கையும் ஒரு மாலைப்பொழுதில் இதைச் செய்து பழகலாம். ஆரம்பப் பாடம் இதுவாகவே இருக்கட்டும்.

இனி விகிதங்களுக்கு வருவோம். தூணுக்குத் தூண் இடைவெளியிலிருந்து தூணின் பருமன், தூணின் பருமனிலிருந்து மற்ற உறுப்புகளின் பருமன் என்று கணக்கிடும் முறைக்குக் கிவாரி என்று பெயர். ஹெய்னோஉச்சி தச்சர் குடும்பம் 1608இல் தொகுத்த ‘ஷோமெய்’ இந்த மரபின் தலையாய சுவடி. வாயில், ஷிந்தோ ஆலயம், பகோடா, புத்த மண்டபம், வீடு என்று ஐந்து தொகுதிகள். ஹெய்னோஉச்சி குடும்பத்தார் ஷிதென்னோஜி மரபினர். அவர்களுக்கு இணையாக ஷோகன்களிடம் பணியாற்றிய கோரா குடும்பத்தார் கென்னின்ஜி மரபினர்; சிற்பங்கள் செறிந்த நிக்கோ தோஷோகூ ஆலயம் 1636இல் கோரா முனெஹிரோ தலைமையில் உருப்பெற்றது. மாதிரி செய்பவர் மரத்தைத் தொடுவதற்கு முன் தம் கட்டடம் எந்தக் கையைச் சேர்ந்தது என்று விசாரிக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. ஷோமெய் பதினேழாம் நூற்றாண்டின் இலக்கணம். அதைக் கொண்டு அதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு முந்திய ஹொர்யூஜி கோயிலைத் திருத்தப் புகுவது பெரும் பிழை. பழைய கட்டடங்களில் ஒரே வரிசைத் தூண்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. அளந்த அளவுக்கும் சூத்திரத்துக்கும் முரண் வந்தால், அளந்த அளவே வெல்ல வேண்டும்.

கருவிகளில் முதன்மையானது சாஷிகானே என்ற எஃகு மூலைமட்டம். அதன் முன்புறத்தில் சாதாரண அளவு. பின்புறத்தில் அதன் 1.414 மடங்கு. சதுரத்தின் பக்கத்தை முன்புறத்தால் அளந்துவிட்டால், மூலைவிட்டத்தைப் பின்புறம் கணக்கில்லாமல் தந்துவிடும். கூரையின் மூலைக் கைமரத்தை வெட்ட இது இல்லாமல் முடியாது. வளைந்து உயரும் இறவாணத்தின் மூலையில் எல்லாக் கோணங்களும் ஒரே இடத்தில் வந்து மோதுகின்றன. அங்கேதான் மாணவர் தேறுகிறார் அல்லது திணறுகிறார். ஜப்பானில் தச்சர் திறன் தேர்விலும் மேசைமேல் வைக்கக்கூடிய சிறு கூரைச் சட்டகத்தை வரைந்து வெட்டிப் பொருத்தச் சொல்வது இதனால்தான்.

மாதிரி கற்றுத்தராத ஒன்றும் இருக்கிறது. நீளம் பத்தில் ஒன்றானால் மரத்தின் குறுக்குவெட்டு நூறில் ஒன்றாகும், எடை ஆயிரத்தில் ஒன்றாகும். அதாவது மரம் தாங்கும் அழுத்தம் பத்தில் ஒன்றுதான். சொத்தைப் பொருத்தும் மாதிரியில் உறுதியாக நிற்கும். இறவாணம் நூறாண்டு ஆனாலும் தொங்காது. தலைமைத் தச்சர் நிஷியோகா த்சுனெகாசு 1981இல் யாகுஷிஜி மேற்குப் பகோடாவை மீண்டும் கட்டியபோது, 730இல் எழுந்த கிழக்குப் பகோடாவைவிட அதைச் சுமார் 30 செ.மீ. உயரமாக வைத்தார், காலப்போக்கில் மரம் சுருங்கி அமரும் என்பது அவர் கணிப்பு. பத்தில் ஒரு மாதிரியில் அந்த 3 செ.மீ. வேறுபாட்டைக் காட்டலாம். அதன் காரணத்தைக் காட்ட மாதிரிக்கு எடை இல்லை.

ஆகவே முழு அளவு உறுப்புகளையும் பார்த்தாக வேண்டும். கோபேயிலுள்ள தகேனகா தச்சுக் கருவி அருங்காட்சியகத்தில் தோஷோதைஜி கோயிலின் பொன்மண்டபத்தின் போதிகை அடுக்கு முழு அளவில் நிறுத்தப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கட்டையும் அடுத்த கட்டைக்குச் சுமையைக் கைமாற்றுவதை அண்ணாந்து பார்த்தபின் மாதிரியைத் தொட்டால் கை வேறு விதமாக இயங்கும். முதல் ஆண்டில் முழுக் கட்டடம் வேண்டாம். ஒரு மூலை போதும்: ஒரு தூண், அதன் போதிகை அடுக்கு, மூலைக் கைமரம், இருபுறமும் நான்கைந்து கைமரங்கள். நெருங்கிய ஆண்டு வரிகளுள்ள ஹினோகி (ஜப்பானிய சைப்ரஸ்) மரம் எடுத்துக்கொள்ளுங்கள். வரி அகன்றால் சிறு தூணில் மரம் மரமாகத் தெரியாது. பசையைத் தொடாமல் வெட்டிப் பொருத்துங்கள். பிரித்து, மறுநாள் மீண்டும் கூட்டிப் பாருங்கள்.