திருகாணி வரைந்த பெண்

பிரான்ஸிஸ்கா கிளவுஸன் வரைந்த 'திருகாணி' என்ற ஓவியத்தை நாங்கள் முதலில் நூலகத்துப் புத்தகமொன்றில்தான் கண்டோம். அவருடைய படங்களை நேரே பார்க்க ஓபென்ரோவுக்குப் போகவேண்டும். எங்கள் ஓய்வுநாள் திங்கள். மியூசியமும் அன்றைக்குப் பூட்டு. ஆகவே ஒரு ஞாயிறு வேலையைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டு, அங்குள்ள புறுன்ட்லுண்ட் மாளிகைக் கலைக்கூடத்துக்குப் போனோம்.

1899இல் அவர் அவ்வூரில் பிறந்தபோது அது ஜேர்மனி. 1920இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பின் டென்மார்க். ஊர் அசையாமலே நாடு மாறியது. அவரோ மியூனிக், பேர்ளின் என்று அலைந்து, 1924இல் பாரிஸில் பெர்னான்ட் லெஜேயிடம் மாணவியானார்.

லெஜேயின் நிழல் என்று சொல்லி இவரைக் கடந்துபோவது சுலபம். எமக்கு அப்படிப் படவில்லை. லெஜேயின் இயந்திரங்கள் முழங்குகின்றன. கிளவுஸனின் திருகாணி சத்தமின்றி நிற்கிறது. கோப்பை கழுவும் மெசினை இரவில் கழற்றித் துடைத்துப் பூட்டுகிற எங்களுக்கு அந்த அமைதி நன்றாகத் தெரியும்.

1930 அளவில் மொண்ட்ரியான் போன்றோர் இருந்த 'வட்டமும் சதுரமும்' குழுவில் இவரும் இருந்தார். பிறகு ஊர் திரும்பினார். ஊருக்கு வட்டமும் வேண்டாம், சதுரமும் வேண்டாம், முகம் வேண்டும். பிழைப்புக்காக உருவப்படங்கள் வரைந்தார். மோசமான படங்கள் அல்ல. ஆனால் திருகாணிக்கு இருந்த நிமிர்வு இந்தக் கனவான்களுக்கு இல்லை.

காசுக்கு வரைந்தவை என்று தள்ளிவிட, படிப்பைப் பாதியில் விட்டுக் கோப்பை கழுவ வந்த எங்களுக்கு வாய் வரவில்லை. எங்களை உறுத்தியது வேறொன்று. அவரது கையைக் கட்டியது அந்நிய நாடல்ல, சொந்த ஊர். ஊருக்குப் போனால் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்றுதானே இத்தனை வருடமாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்? (இதை எழுதும்போதும் சொல்லத்தான் தோன்றுகிறது.)

அறுபதுகளுக்குப் பின்னரே விமர்சகர்கள் அவருடைய பாரிஸ் காலத்து ஓவியங்களைத் தேடி வந்தார்கள். அப்போது அவர் கிழவி. 1986இல் அதே ஊரில் இறந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் நண்பர் கேட்டார்: "பாரிஸிலேயே நின்றிருக்கலாமே?"

முப்பதுகளின் பொருளாதார மந்தம் பாரிஸையும் விடவில்லை என்றோம்.

"அப்ப ஊரில தானே சாப்பாடு" என்றார். பிறகு வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை.