நாளுக்கு எத்தனை பக்கம்?

சில மாதங்களுக்கு முன் மூதூரில் ஓர் இலக்கியச் சந்திப்பு முடிந்து வெளியே வரும்போது, பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதும் இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “சேர், நீங்க ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் எழுதுவீங்க?” தான் நாளுக்கு ஆயிரம் சொற்கள் எழுதுவதாகவும் அதை இரண்டாயிரமாக்க முயல்வதாகவும் சொன்னார். அவர் எங்கும் மாதச் சம்பளம் பெறுபவர் அல்லர். கட்டுரைக்கு இவ்வளவு என்று கிடைக்கும் சிறு சன்மானமே அவருடைய வருமானம். எண்ணிக்கை குறைந்தால் வீட்டில் அரிசியும் குறையும். ஆகவே அந்தக் கேள்வியை அற்பமானதென்று ஒதுக்க முடியாது. ஆனால் அந்த அளவுகோல் சரியானதா என்று கேட்டே ஆகவேண்டும்.

இந்த அளவுகோலை ஒளிவுமறைவின்றி எழுதிவைத்தவர் ஆங்கில நாவலாசிரியர் அன்ரனி ட்ரொலப். அஞ்சல் திணைக்களத்தில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதியவர். மொத்தம் 47 நாவல்கள். அவர் மறைந்த பின்னர் 1883இல் வெளியான சுயசரிதையில் தமது முறையை விளக்குகிறார். அதிகாலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்வார். கடிகாரத்தை முன்னே வைத்துக்கொண்டு கால் மணித்தியாலத்துக்கு 250 சொற்கள் எழுதுவார். எழுதிய பக்கங்களை நாட்குறிப்பில் பதிவார். தமது நூல்கள் ஒவ்வொன்றும் ஈட்டிய பணத்தையும் இறுதியில் பட்டியலிட்டுள்ளார். கலையைக் கணக்குப் புத்தகமாக்கிவிட்டார் என்று அவரைக் குறைகூறியோர் பலர்.

என் பார்வையில், பிழை ட்ரொலப்பிடம் இல்லை. அவரை அரைகுறையாக மேற்கோள் காட்டுபவர்களிடமே உள்ளது. காலையில் அவர் ஒதுக்கிய மூன்று மணித்தியாலத்தில் முதல் அரை மணித்தியாலம் புதிதாக ஒரு வரியும் எழுதுவதில்லை. முதல்நாள் எழுதியதை வாசித்து, சொற்களின் ஓசையைக் காதால் நிறுத்துப் பார்ப்பார். 250 சொற்களை நினைவில் வைத்திருக்கும் நம்மவர் இந்த அரை மணித்தியாலத்தை மறந்துவிடுகின்றனர்.

இன்னொன்றும் உண்டு. நாவலின் பாத்திரம் எழுந்து வந்து, “நீ எழுதியது உண்மையில்லை” என்று சொல்வதில்லை. கட்டுரையாளனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ட்ரொலப்பே 1875இல் ஆஸ்திரேலியா செல்லும் வழியில் இலங்கைக்கு வந்து, இங்கிலாந்துப் பத்திரிகைகளுக்குப் பயணக் கடிதங்கள் எழுதினார். அவர் கண்டெழுதிய நம் மூதாதையருள் எத்தனை பேர் அவற்றை வாசித்திருக்க முடியும்? நாமோ பக்கத்துத் தெருவைப் பற்றி எழுதுகிறோம். அந்தத் தெரு நம்மை வாசிக்கிறது.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். 2006 ஏப்ரலில் குண்டுவீச்சால் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி, பட்டித்திடல் முதலிய முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்த சம்பூர் மக்கள் 2015இற்குப் பின்னரே படிப்படியாகத் திரும்பினர். அப்போது நான் வேறோர் ஊரில் கற்பித்துக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு ஐந்து கட்டுரைகள் என்பது எனது கணக்கு. அந்த வாரத்து ஐந்தாவது கட்டுரையாக, ஒரே இரவில், மீள்குடியேற்றம் பற்றி எழுதி அனுப்பினேன். வீடுகளில் மீண்டும் விளக்கெரிகிறது என்று முடித்திருந்தேன். பத்திரிகையிலும் வந்தது. பெருமையோடு அதை எடுத்துக்கொண்டு சம்பூருக்குப் போனேன். பேரன் வாசிக்கக் கேட்ட ஒரு மூதாட்டி என்னைப் பார்த்து, “மாஸ்டர், எந்த வீட்டில விளக்கெரியுது? எங்கட வளவில அத்திவாரம்தானே கிடக்கு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து சொன்னார். அந்தக் கட்டுரை ஏறத்தாழ 900 சொற்கள். என் நாட்குறிப்பில் அது ஒரு வெற்றியாகப் பதிவாகியிருந்தது.

நாள்தோறும் எழுதினால் தரம் கெடும் என்று நான் சொல்ல வரவில்லை. 2014 தொடக்கம் 2020 வரை ஜெயமோகன் நாளுக்கோர் அத்தியாயமாக 26 நாவல்கள் கொண்ட ‘வெண்முரசு’ வரிசையை எழுதி முடித்தார். அதற்குப் பின்னே மகாபாரதத்தில் தோய்ந்த பல்லாண்டு வாசிப்பு இருந்தது. கிணற்றில் ஊற்று இருந்தால் நாளும் இறைக்கலாம். ஊற்றில்லாமல் இறைத்தால் சேறுதான் வரும். மீலாத் சிறப்பிதழ்களிலும் பெருநாள் மலர்களிலும், சென்ற ஆண்டின் கட்டுரையே தலைப்பு மாறி வருவதை நாம் காணாதவர்களா?

நமது மரபில் வேறோர் அளவுகோல் உண்டு. ட்ரொலப் மறைந்த 1882ஆம் ஆண்டிலேதான் எம்.சி. சித்திலெவ்வை ‘முஸ்லிம் நேசன்’ வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். சட்டத்தொழில் ஒருபுறம், கல்விப் பணி மறுபுறம், வாரந்தோறும் பக்கங்களை நிரப்பும் நெருக்கடி இன்னொரு புறம். இவற்றுக்கிடையே 1885இல் ‘அஸன்பே சரித்திரம்’ நாவலும் வந்தது. அவரும் நிறையவே எழுதியவர். ஆயினும் அவர் நாளுக்கு எத்தனை சொல் எழுதினார் என்று எவரும் கேட்பதில்லை. நவீன கல்வி வேண்டுமென்று எழுதியவர், அதற்காகப் பாடசாலைகளை அமைக்கவும் அலைந்தார். 1892இல் கொழும்பில் உருவாகிப் பின்னர் சாஹிராக் கல்லூரியாக வளர்ந்த மத்ரஸாவின் பின்னணியில் அந்த உழைப்பும் இருந்தது. எழுத்து எதை விளைவித்தது என்பதே அங்கே அளவு.

ஆசிரியர் கலாசாலையில் பாடக்குறிப்பு எழுதப் பழக்கினார்கள். அதிபர் அதில் ஒப்பமிடுவார். குறிப்பு நிறைந்திருப்பதும் பிள்ளை விளங்கிக்கொள்வதும் ஒன்றல்ல என்பது வகுப்பில் நிற்பவனுக்குத் தெரியும். கட்டுரைக்கும் இதுவே பொருந்தும். இன்று கணினியிடம் தலைப்பைக் கொடுத்தால் ஆயிரம் சொற்களை ஒரு நிமிடத்துக்குள் தந்துவிடுகிறது. எண்ணிக்கையில் அதனோடு போட்டியிட்டு நம்மால் வெல்ல முடியாது. அந்த வளவில் அத்திவாரம் மட்டுமே கிடக்கிறது என்பதை அறிய ஒருவர் அங்கே நடந்து போகத்தான் வேண்டும்.

அந்த இளைஞருக்கு நான் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். நாளும் எழுதுங்கள், பழக்கம் கைவிடக்கூடாதது. ஆனால் நாட்குறிப்பில் சொற்களின் தொகைக்குப் பக்கத்தில், இன்று யாரிடம் கேட்டேன், எங்கே போய்ப் பார்த்தேன், நேற்று எழுதியதில் எதைத் திருத்தினேன் என்பவற்றையும் பதியுங்கள். நான் இப்போது மாதத்துக்கு இரண்டு கட்டுரைகளே எழுதுகிறேன். சன்மானம் குறைந்துவிட்டது, சில பக்கங்களில் என் பெயரும் மறைந்துவிட்டது. எனக்குச் சம்பளம் இருப்பதால் அதைத் தாங்க முடிகிறது. அவருக்கு அது இல்லை. உழைத்து எழுதிய ஒரு கட்டுரைக்கும் ஒரே இரவில் எழுதியதற்கும் ஒரே தொகையைக் கொடுக்கும் வரை, எங்கள் பத்திரிகைகளும் இந்தப் பிழையில் பங்காளிகளே.